'கமென்ஷரட்': பொருள், பயன்பாடு, பிறப்பு – முழுமையான வழிகாட்டி

வேலை விளம்பரங்களின் கடைசி வரியைப் பாருங்கள். 'சாலரி கமென்ஷரட் வித் எக்ஸ்பீரியன்ஸ்' (salary commensurate with experience) என்று இருக்கும். அனுபவத்துக்குத் தகுந்த சம்பளம் என்று படிப்பவர் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதே சொல்லைத் தன் கடிதத்தில் எழுத உட்காரும்போதுதான் தகராறு. ஒருவர் வாக்கியத்தைத் தலைகீழாக எழுதுகிறார். இன்னொருவர் 'வித்' போட வேண்டிய இடத்தில் 'ஃபார்' போடுகிறார். வேறொருவர் எழுத்துக் குழப்பத்தில், சம்பளம் கேட்பதற்குப் பதிலாக நிறுவனத்துக்கு ஆறுதல் சொல்லிவிடுகிறார்.

விண்ணப்பங்களையும் அலுவலகக் கடிதங்களையும் திருத்திக் கொடுப்பதில் எனக்குத் தெரிந்த வரை, பொருள் தெரியாமல் தப்பு செய்பவர்கள் குறைவு. இந்தச் சொல்லுக்கு இரண்டு முனைகள் உண்டு. எந்த முனையில் எதை வைப்பது என்று பார்க்காமல் எழுதுபவர்களே அதிகம். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், மாணவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உச்சரிப்பையும் ஒலியாகக் கேட்கலாம். சொல்லோடு எந்த ப்ரெபொசிஷன் வரும், சொல் எந்த அளவுக்கு முறைசார்ந்தது என்ற இரண்டையும் இவை பதிவின் தலையிலேயே காட்டிவிடும். நமக்கு இப்போது வேண்டியவை இந்த இரண்டும்தான்.

இரண்டாவது, நீங்களே எங்கேயோ படித்த ஒரு நிஜ வாக்கியம். விளம்பரம், தீர்ப்பு பற்றிய செய்தி, அலுவலகச் சுற்றறிக்கை, எதுவானாலும் சரி.

ஆங்கில–தமிழ் அகராதியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். 'சமமான', 'ஒத்த', 'ஏற்ற' என்று மூன்று சொற்கள் வரிசையாகக் கிடைத்தால் மனசு முதல் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். இங்கே முதல் சொல்தான் வழி தவற வைப்பது. ஏன் என்று நான்காம் படியில் வரும்.

1. வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

சொல்லைத் தனியாகப் பெயர்த்து எடுக்காதீர்கள். அதற்கு முன்னால் உள்ள பெயர்ச்சொல், பின்னால் உள்ள 'வித்', அதற்கும் பின்னால் வரும் பெயர்ச்சொல், இத்தனையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

காரணம் இருக்கிறது. 'அழகான', 'பெரிய' போன்ற பெயரடைகளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்ச்சொல் இருந்தால் போதும். கமென்ஷரட்டுக்கு இரண்டு பெயர்ச்சொற்கள் வேண்டும், அவற்றை ஒப்பிட்டுச் சொல்வதே அதன் வேலை. தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தவர் இரண்டாவதை மறந்துவிட்டு, 'மை சாலரி இஸ் நாட் கமென்ஷரட்' என்று நிறுத்திவிடுவார். எதற்குத் தகுந்ததாக இல்லை என்று படிப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

2. ஒலியைச் சரிசெய்யுங்கள்

நம்மில் பெரும்பாலோர் 'கமென்சுரேட்' என்போம். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் வாசிக்கத் தோன்றும். பிரிட்டிஷ் உச்சரிப்பு ஏறக்குறைய 'கமென்ஷரட்', அமெரிக்கர்கள் 'கமென்ஸரட்' என்றும் சொல்வார்கள். அழுத்தம் நடுவில் உள்ள 'மென்' மீது விழ வேண்டும். கடைசி அசையில் 'ரேட்' என்ற நீட்டல் கிடையாது.

இது இந்த ஒரு சொல்லோடு முடிகிற விஷயமில்லை. 'ஏ-டி-ஈ' என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் பல, வினையாக வரும்போது 'எய்ட்' என்று நீளும், பெயரடையாக வரும்போது 'அட்' என்று குறுகும். பிரிப்பது என்றால் 'செபரேட்', தனியான என்றால் 'செப்ரட்'. மட்டுப்படுத்துவது 'மாடரேட்', மிதமான என்பது 'மாடரட்'. கமென்ஷரட் பெயரடை என்பதால் குறுக்கிச் சொல்கிறோம். நேர்காணலில் இந்தச் சொல்லை வாயால் சொல்லும் எண்ணம் இருந்தால், அகராதியின் ஒலியைக் கேட்டுக் கூடவே சொல்லிப் பாருங்கள். எழுத மட்டும்தான் போகிறீர்கள் என்றால் இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

3. எழுத்தைக் கூட்டுங்கள்

இரண்டு 'எம்', அப்புறம் 'ஈ', 'என்', 'எஸ்', 'யூ'. 'எஸ்' ஒன்றுதான். 'எம்'மை ஒற்றையாக எழுதினால் கணினி அடியில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும், பயமில்லை.

கணினி காட்டாத தவறு ஒன்று உண்டு. 'கமிஸரேட்' (commiserate) என்று வேறொரு சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது வினைச்சொல். இன்னொருவரின் துன்பத்துக்கு வருந்துவது, ஆறுதல் சொல்வது என்று பொருள். அதற்குப் பின்னாலும் 'வித்'தான் வரும். அதனால் 'சாலரி கமிஸரேட் வித் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதினால் எழுத்துப்பிழை திருத்தி வாயே திறக்காது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வழுக்கி விழுகிற இடம் இது. அனுபவத்தோடு சேர்ந்து சம்பளமும் துக்கம் விசாரிக்கிறது என்று அர்த்தமாகிவிடும். சில வேலைகளுக்கு அது பொருத்தமாகவும் இருக்கலாம், அது வேறு கதை.

தப்பிக்க வழி: அனுப்பும் முன் 'எம்' இரண்டையும் தாண்டி அடுத்து என்ன எழுத்து என்று மட்டும் பாருங்கள். 'ஈ' இருந்தால் சரி. 'ஐ' இருந்தால் நீங்கள் அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

4. விரல் எது, வீக்கம் எது என்று பிரியுங்கள்

இந்தப் படியை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். அதில் விரல் அளவுகோல். வீக்கம் அந்த அளவுகோலைப் பார்த்து அளவிடப்படுவது. கமென்ஷரட் வரும் எந்த வாக்கியத்திலும் இந்த இரண்டும் இருக்கும். விளம்பர வரியில் அனுபவம் விரல், சம்பளம் வீக்கம்.

ஆங்கிலத்தில் வரிசை இதுதான்: முதலில் வீக்கம், பிறகு 'கமென்ஷரட் வித்', கடைசியில் விரல். தமிழில் நாம் விரலை முன்னால் சொல்கிறோம், 'அனுபவத்துக்குத் தகுந்த சம்பளம்' என்று. தமிழில் யோசித்துவிட்டு அதே வரிசையில் ஆங்கிலத்தைக் கோத்தால் 'எக்ஸ்பீரியன்ஸ் கமென்ஷரட் வித் சாலரி' என்று வந்து நிற்கும். அதன் பொருள், கொடுக்கும் சம்பளத்துக்குத் தகுந்த அனுபவம். விண்ணப்பிக்கிறவர் இப்படி எழுதினால், 'நீங்கள் கொடுக்கிற காசுக்கு இவ்வளவு அனுபவம் போதும்' என்று நிறுவனத்திடம் சொல்வது போல் ஆகிவிடும்.

எழுதுவதற்கு முன் தாளின் ஓரத்தில் 'விரல் – இது, வீக்கம் – இது' என்று இரண்டே சொல் குறித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் வாக்கியம் நீளும்போது இது இல்லாமல் அனுபவசாலிகளும் குழம்புகிறார்கள்.

அடுத்த சோதனை, இரண்டும் ஏறி இறங்கக்கூடியவையா என்பது. அனுபவம் கூடலாம், குறையலாம். சம்பளமும் அப்படியே. குற்றத்தின் கடுமை, தண்டனை, பொறுப்பு, அதிகாரம், ஆபத்து, லாபம் என்ற ஜோடிகளும் தேறும். 'இடத்துக்கு ஏற்ற உடை' தேறாது. இடம் கூடுவதும் குறைவதும் இல்லை. அங்கே 'அப்ரோப்ரியட்' அல்லது 'சூட்டபிள்' போட வேண்டும்.

நம்முடைய 'ஏற்ற', 'தகுந்த' இரண்டும் பரந்த சொற்கள். காலுக்கு ஏற்ற செருப்பு, பேருக்கேற்ற பிள்ளை, காலத்துக்கேற்ற கோலம், எல்லாவற்றுக்கும் போதும். கமென்ஷரட் குறுகிய சொல். அளவோ தரமோ கனமோ, ஏதாவது ஒரு வகையில் 'எவ்வளவு' என்று கேட்கக்கூடிய இடத்தில்தான் அது நிற்கும். 'ஏற்ற' வந்த இடத்திலெல்லாம் இதைப் போடுவதுதான் புதிதாகக் கற்றவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

'சமமான' என்பது ஏன் ஆகாது என்பதும் இப்போது விளங்கும். அனுபவத்தை ஆண்டுகளில் எண்ணுகிறோம், சம்பளத்தை ரூபாயில். எட்டு ஆண்டும் எண்பதாயிரம் ரூபாயும் எப்படிச் சமமாகும்? இது அதன் கனத்துக்கு ஈடுகொடுக்கும் அளவில் இருக்கிறது என்பதே சொல்லவரும் பொருள். சம அளவுள்ள என்ற பொருளையும் சில அகராதிகள் கொடுத்திருக்கின்றன. இன்றைய அலுவலக எழுத்தில் அதற்கு வேலை குறைவு.

5. 'வித்'தைக் கழற்றாதீர்கள்

விரலைச் சொல்வதாக இருந்தால் அதற்கு முன் 'வித்' வர வேண்டும். 'ஃபார்', 'ஆஸ் பெர்', 'அக்கார்டிங் டு' மூன்றும் இங்கே ஒட்டாது. 'டு' சில அகராதிகளில் ஏற்கப்பட்டிருக்கிறது, ஆனால் நடைமுறையில் 'வித்' மிகமிக அதிகம். சந்தேகத்துக்கு இடமில்லாததை எழுதுவோம்.

நினைவில் நிற்க ஒரு பிடி: சொல்லின் தலையில் உள்ள 'காம்' என்ற லத்தீன் முன்னொட்டுக்கே 'உடன், சேர்ந்து' என்று பொருள். அந்தத் தலையோடு வரும் பல பெயரடைகள் 'வித்'தைத்தான் தேடும். 'கம்பாட்டிபிள் வித்', 'கன்ஸிஸ்டென்ட் வித்' எல்லாம் அப்படியே. விதிவிலக்குகள் உண்டு, ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. வாக்கியத்தில் எங்கே உட்காரும் என்று பாருங்கள்

மூன்று இடங்கள் இருக்கின்றன.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்: 'எ சாலரி கமென்ஷரட் வித் எக்ஸ்பீரியன்ஸ்'. வழக்கமாக ஆங்கிலப் பெயரடை பெயருக்கு முன்னால் வரும். ஆனால் வால் நீண்ட பெயரடை, அதாவது 'வித்' என்று ஒரு தொடரை இழுத்துக்கொண்டு வருவது, பின்னால் போய்விடும். இதை அறியாமல் 'கமென்ஷரட் வித் எக்ஸ்பீரியன்ஸ் சாலரி' என்று எழுதுவது நம் ஊர்த் தவறு. தமிழில் அடைமொழி எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தானே வரும். அந்தப் பழக்கம்.

'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பின்னால்: 'த பனிஷ்மென்ட் வாஸ் நாட் கமென்ஷரட் வித் தி அஃபென்ஸ்'. தண்டனை குற்றத்துக்குத் தகுந்ததாக இல்லை. இதுதான் எழுத எளிது. பழகும்வரை இந்த அமைப்பிலேயே எழுதுங்கள்.

பெயருக்கு முன்னால், வால் இல்லாமல்: 'எ கமென்ஷரட் இன்க்ரீஸ் இன் பே'. விரல் எது என்பது அதே வாக்கியத்திலோ அதற்கு முந்தைய வாக்கியத்திலோ முன்பே வந்திருந்தால்தான் இது சரி. வேலை இரட்டிப்பானது என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குத் தகுந்த சம்பள உயர்வு வரவில்லை என்று முடிக்கும்போது விரலை மறுபடி சொல்லத் தேவையில்லை. விரல் எங்கேயும் இல்லாமல் இந்த அமைப்பைப் போட்டால் முதல் படியில் சொன்ன அரைகுறை வாக்கியம்தான் மிஞ்சும்.

'வெரி கமென்ஷரட்' என்று எழுத வேண்டாம். அளவு பொருந்துகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. 'ஃபுல்லி', 'பிராட்லி', 'ஹார்ட்லி' ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

7. இப்போது வேரைப் பாருங்கள்

வேரை ஏழாவதாக வைத்தது வேண்டுமென்றேதான். முதலிலேயே பார்த்தால் 'சேர்த்து அளந்தது, அதனால் சமம்' என்ற முடிவுக்கு ஓடிவிடுவோம். பயன்பாடு கையில் வந்த பிறகு பார்த்தால், வேர் நினைவைக் கெட்டியாக்கும்.

லத்தீனில் 'மெட்டீரி' என்றால் அளப்பது. அதிலிருந்து 'மென்சூரா', அளவு. முன்னால் 'காம்' சேர்ந்து, பிற்கால லத்தீனில் 'கொம்மென்சுராட்டுஸ்' ஆனது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. 'மெஷர்' என்ற அன்றாடச் சொல்லும் இதே மென்சூராதான், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. 'இம்மென்ஸ்' என்றால் அளக்க முடியாத அளவு பெரியது. 'டைமென்ஷன்' இந்தக் குடும்பம். பள்ளிக் கணக்கில் அளவியல் என்று படித்த 'மென்சுரேஷன்' ரொம்ப நெருங்கிய உறவு. நடுவில் உள்ள 'மென்சு' கண்ணில் பட்டால் போதும், 'கமிஸரேட்' உங்களை ஏமாற்ற முடியாது. அதன் நடுவில் இருப்பது 'மிசர்', பரிதாபத்துக்குரியவன்.

கணக்கில் 'கமென்ஷரபிள்' என்று ஒரு சொல் உண்டு. ஆறடிக் கயிறு, ஒன்பதடிக் கயிறு இரண்டையும் மூன்றடிக் கோல் ஒன்றால் மிச்சமில்லாமல் அளக்கலாம், அதனால் அவை கமென்ஷரபிள். ஒரு சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் எந்தக் கோலாலும் அப்படி அளக்க முடியாது. வர்க்கமூலம் இரண்டு வந்து குறுக்கே நிற்கும். சம்பள விஷயத்தில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்து போடாதீர்கள். சொல்லின் முடிவு வேறு, வேலையும் வேறு.

ஒரு சுவாரசியத்துக்காக இன்னும் ஒன்று. 'மெட்டீரி'யின் இந்தோ-ஐரோப்பிய வேரும் சமஸ்கிருதத்தில் அளப்பதைக் குறிக்கும் 'மா' என்ற வேரும் ஒன்றே. அதிலிருந்து 'மாத்ரா', அது தமிழுக்கு வந்து மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று படித்தோமே, அந்த மாத்திரைதான். கமென்ஷரட்டுக்கு நம் இலக்கண வகுப்பிலேயே ஒரு தூரத்துச் சொந்தம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

போலிச் சொந்தங்களும் உண்டு. உயிரியலில் வரும் 'கமென்சல்' பார்க்க உடன்பிறப்பு போல இருக்கும். அது 'மென்சா', லத்தீனில் மேசை. ஒரே மேசையில் உண்பவர் என்று பொருள். நம் 'மேசை'யும் போர்த்துகீசியர் வழியாக அந்த மென்சாவிலிருந்து வந்ததே. 'கமென்ஸ்', அதாவது தொடங்குவது, இன்னொரு போலி. இந்த இரண்டையும் வைத்துப் பொருளை ஊகிக்கப் போனால் வழி தவறும்.

8. பக்கத்து வீட்டுச் சொற்களிலிருந்து பிரித்தறியுங்கள்

'ப்ரொபோர்ஷனட்' ரொம்ப நெருங்கியது, பல இடங்களில் ஒன்றுக்கு ஒன்று மாற்றியும் எழுதலாம். விகிதம் மாறாமல் ஏறி இறங்குகிறது என்ற சாயல் அதில் தூக்கல். ப்ரெபொசிஷனும் வேறு, அங்கே பெரும்பாலும் 'டு'. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பேசும் சொத்துக் குவிப்பு வழக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் 'வருமானத்துக்கு அதிகமான சொத்து' என்று வருவது, ஆங்கிலத்தில் தெரிந்த வருமான வழிகளுக்கு 'டிஸ்ப்ரொபோர்ஷனட் டு' என்று வரும். சட்டத்தின் சொல் அது. அந்த இடத்தில் கமென்ஷரட்டைக் கொண்டு மாற்றக் கூடாது.

'ஈக்விவலென்ட்' என்றால் மதிப்பில் ஒன்றுக்கு ஒன்று நிகர். பட்டத்துக்கு நிகரான தகுதி என்பதற்கு அதுதான் பொருந்தும்.

எதிர்மறைக்கு 'இன்கமென்ஷரட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். 'நாட் கமென்ஷரட் வித்' என்று எழுதுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

9. எங்கே வேண்டாம் என்று முடிவுசெய்யுங்கள்

அகராதி இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் முறைசார்ந்த சொல் என்று குறித்திருக்கும். விண்ணப்பம், ஒப்பந்தம், அறிக்கை, தலையங்கம் ஆகியவற்றில் இயல்பாக இருக்கும். வாட்ஸாப்பில் நண்பருக்கு அனுப்பினால் கேலி செய்கிறீர்கள் என்று நினைப்பார். அங்கே 'மேட்ச்' என்ற வினை போதும்.

ஒரே கடிதத்தில் இரண்டு தடவை போடுவதும் உறுத்தும். அப்புறம், எதிர்பார்க்கும் சம்பளத்தை எண்ணில் எழுதச் சொல்லிக் கட்டம் கொடுத்திருந்தால் எண்ணைத்தான் எழுத வேண்டும். நிறுவனங்கள் இந்தச் சொல்லை விளம்பரத்தில் போடுவதே தொகையைச் சொல்லாமல் பேச்சுவார்த்தைக்கு இடம் வைக்கத்தான். பதிலுக்கு நீங்களும் அதையே சொன்னால் இரண்டு பக்கமும் பேசிய மாதிரி இருக்கும், ஒன்றும் நகராது.

10. எழுதிப் பார்த்து, சரிபாருங்கள்

கீழே உள்ள விடைகளை முதலில் மூடிவைத்துவிட்டு, தமிழ் வரியை மட்டும் பார்த்து நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் விரல், வீக்கம் குறித்த பிறகே எழுத வேண்டும்.

'குற்றத்தின் கடுமைக்குத் தகுந்த தண்டனை.' விரல் கடுமை, வீக்கம் தண்டனை. 'பனிஷ்மென்ட் கமென்ஷரட் வித் த கிராவிட்டி ஆஃப் தி அஃபென்ஸ்'.

'பொறுப்பு கூடியது, அதற்கேற்ற அதிகாரம் கூடவில்லை.' விரலான பொறுப்பு முன்பே வந்துவிட்டதால் வால் தேவையில்லை. 'தி ஆடட் ரெஸ்பான்ஸிபிலிட்டி கேம் வித்தவுட் எ கமென்ஷரட் இன்க்ரீஸ் இன் அதாரிட்டி'. இதில் தட்டுத் தடுமாறுபவர்கள்தான் அதிகம். 'வித்தவுட்'டைப் பார்த்ததும் இன்னொரு 'வித்'தையும் சேர்த்துவிடுகிறார்கள்.

'விழாவுக்கு ஏற்ற உடை.' இது பொறி. ஏறி இறங்கும் சோதனையில் தோற்கும். கமென்ஷரட் வேண்டாம்.

'வரவுக்கு ஏற்ற செலவு.' 'எக்ஸ்பெண்டிச்சர் கமென்ஷரட் வித் இன்கம்'. புரட்டிப் போட்டால் செலவைப் பார்த்து வரவை ஏற்றுகிற ஆளாகிவிடுவீர்கள்.

நான்கும் சரியாக வந்தால், முதல் படியில் எழுதிவைத்த உங்கள் சொந்த வாக்கியத்துக்குத் திரும்பி, அதே அமைப்பில் உங்கள் வேலை சம்பந்தமாக ஒன்று எழுதுங்கள்.

இதே வரிசையில் அடுத்து எடுத்துப் பழக ஏற்றவை 'டான்டமௌன்ட்' (tantamount), 'கன்டின்ஜென்ட்' (contingent), 'கண்ட்யூசிவ்' (conducive). மூன்றுமே இரண்டு முனை உள்ள சொற்கள். முதலாவதற்கு 'டு', இரண்டாவதற்கு 'ஆன்'. மூன்றாவது 'காம்' குடும்பத்துத் தலையோடு வந்தாலும் 'வித்'தைக் கேட்காது, 'டு'தான் கேட்கும். நம் ஆட்கள் அதற்கு 'ஃபார்' போடுவார்கள்.